பாதை இல்லாத நாட்டின் பறக்கும் லாரி

1971 டிசம்பர் 9. வங்கதேசப் போரில் மேக்னா நதியின் கிழக்குக் கரையில் இந்தியப் படை நின்றிருந்தது. ஆற்றைத் தாண்டிவிட்டால் டாக்காவுக்கு வழி திறந்துவிடும். ஆனால் ஆஷுகஞ்சில் ஆற்றின் குறுக்கே இருந்த பெரிய பாலத்தைப் பாகிஸ்தான் ராணுவம் பின்வாங்கும்போதே தகர்த்துவிட்டுப் போயிருந்தது. அக்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு விரிந்த ஆறு அது. தளபதி சகத் சிங் பாலத்துக்காகக் காத்திருக்கவில்லை. குரூப் கேப்டன் சந்தன் சிங்கின் பொறுப்பில் இருந்த எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களை வரவழைத்தார். அளவுக்கு மீறி வீரர்களை ஏற்றிக்கொண்டு அவை ஆற்றைக் கடந்தன. இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த கூட்டத்தை ஏற்றின. இருட்டிய பிறகும் ஓட்டம் நிற்கவில்லை. வயல்வெளியில் டார்ச் வெளிச்சத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு விமானிகள் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் டாக்கா வீழ்ந்தது. ராணுவ வரலாற்றில் அந்தக் கடப்புக்கு ‘மேக்னா ஹெலி பாலம்’ என்று பெயர்.

அதைச் சாதித்த எம்.ஐ.-4 அன்றைக்கே பழைய வண்டிதான். மூக்கில் ஒரு பிஸ்டன் இன்ஜின், அதற்கு மேலே மாடி வீடு போல விமானி அறை, வாலுக்கு அடியில் சிப்பி மாதிரி இரண்டாகப் பிளந்து திறக்கும் கதவு. பார்க்க அழகில்லாத உருவம். ஆனால் அந்தச் சிப்பிக் கதவு வழியாக ஒரு ஜீப்பை அப்படியே உள்ளே ஓட்டிவிடலாம். சோவியத் ஹெலிகாப்டர்களின் கதையைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எம்.ஐ.-4 பிறந்ததற்கு அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்த நாட்டில் பிறந்த பெரும்பாலான ஹெலிகாப்டர்களுக்குப் பின்னால் ஒரே கேள்விதான் இருந்தது: சாலை இல்லாத இடத்துக்குச் சுமையை எப்படிக் கொண்டுபோவது?

சோவியத் ஒன்றியத்தில் அது படைத்துறையின் கேள்வி மட்டுமல்ல, அன்றாட வாழ்க்கையின் கேள்வி. சைபீரியாவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சாலை கிடையாது. ரஷ்யாவின் மேற்குப் பகுதியிலோ பனி உருகும்போதும் இலையுதிர்கால மழையிலும் மண்சாலைகள் சேற்றுக்குளமாகிவிடும். அந்தச் சேற்றுப் பருவத்துக்கு ரஷ்ய மொழியில் ‘ரஸ்புதித்சா’ என்று தனிப் பெயரே உண்டு. இந்த மண்ணை அறிந்த ஒருவர்தான் அங்கே ஹெலிகாப்டர் துறையைக் கட்டி எழுப்பினார். சைபீரியாவின் இர்குத்ஸ்க் நகரில் 1909-இல் பிறந்த மிகயீல் மில். ‘எம்.ஐ.’ என்பது அவர் பெயரின் முதல் இரண்டு ரஷ்ய எழுத்துகள்தான். அவருக்கு மூத்தவரான நிகோலாய் கமோவிடம் இளம் பொறியாளராக வேலை பார்த்து, 1947 டிசம்பரில் தனி வடிவமைப்பு நிலையம் பெற்றார். மறு ஆண்டே எம்.ஐ.-1 பறந்தது. விமானியோடு இரண்டு மூன்று பேர் மட்டுமே போகக்கூடிய சிறு ஹெலிகாப்டர் அது.

திருப்பம் கொரியப் போரில் வந்தது. அமெரிக்கர்கள் அங்கே காயம்பட்டவர்களைத் தூக்கவும் மலைமேல் படையை இறக்கவும் ஹெலிகாப்டரைப் பயன்படுத்திய செய்தி மாஸ்கோவுக்கு எட்டியது. 1951-இல் ஸ்டாலின் வடிவமைப்பாளர்களை கிரெம்ளினுக்கு அழைத்தார். பெரிய போக்குவரத்து ஹெலிகாப்டர் வேண்டும். கொடுத்த அவகாசம் ஒரே ஆண்டு. ஸ்டாலின் கொடுத்த கெடு என்றால் அதன் பொருள் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். 1952-இல் எம்.ஐ.-4 பறந்தது. சோவியத் ஒன்றியத்தில் மட்டும் 3,000-க்கு மேல் தயாரானது. சீனாவும் உரிமம் பெற்றுத் தன் பெயரில் கட்டியது. மேக்னாவைக் கடந்தவை இந்த வம்சத்தில் வந்தவையே.

அடுத்து மில் எடுத்தது பிரம்மாண்டமான அடி. 1957-இல் பறந்த எம்.ஐ.-6 அன்றைய உலகில் மிகப் பெரிய ஹெலிகாப்டர். பிஸ்டனைக் கைவிட்டு டர்பைன் இன்ஜினுக்கு மாறிய முதல் சோவியத் ஹெலிகாப்டரும் அதுவே. 12 டன் சுமையை உள்ளே வைத்துப் பறக்கும். அவ்வளவு பெரிய உடல் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியபோது அமெரிக்காவின் சிகோர்ஸ்கி பரிசே அதைத் தேடி வந்தது. ராணுவத்துக்கு ராக்கெட் வண்டிகளைச் சுமந்த அதே ஹெலிகாப்டர், சைபீரிய எண்ணெய் வயல்களுக்குக் குழாய்களையும் தூக்கியது. 1969-இல் வி-12 என்ற இரட்டை விசிறி ராட்சதன் 44 டன்னுக்கு மேல் தூக்கிக்கொண்டு 2,255 மீட்டர் உயரம் போனது. அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடிக்கவில்லை. ஆனால் இரண்டே இரண்டு கட்டியதோடு திட்டம் நின்றுபோனது.

மில்லின் உண்மையான வெற்றி இந்த ராட்சதர்கள் அல்ல. நடுத்தர அளவில், எந்தக் கவர்ச்சியும் இல்லாத எம்.ஐ.-8.

ராணுவம் அதை முதலில் கேட்கவே இல்லை. எம்.ஐ.-4 போதுமே என்ற நினைப்பு. 1959-இல் குருஷேவ் அமெரிக்கா போனபோது அதிபர் ஐசனோவரோடு ஹெலிகாப்டரில் பறந்தார். அதன்பின் சோவியத் தலைமைக்கும் நவீன ஹெலிகாப்டர் ஒன்று தேவைப்பட்டது. மில்லுக்குக் கதவு திறந்தது. 1961 ஜூன் 24 அன்று ஒற்றை இன்ஜினோடு முதல் மாதிரி பறந்தது. மறு ஆண்டே இரட்டை இன்ஜின் வந்தது. எம்.ஐ.-4-இல் மூக்கில் இருந்த இன்ஜின் இதில் கூரைமேல் ஏறியது. வயிறு முழுக்கக் காலியானது. 24 வீரர்கள், இல்லையென்றால் நான்கு டன் சரக்கு. வட்ட வட்டமாக ஜன்னல்கள், பின்னால் அதே சிப்பிக் கதவு, மேலே ஐந்து இறக்கை விசிறி. குளிரில் இறக்கைமேல் பனி உறையாமலிருக்க அவற்றுக்குள் மின்சூடு. ஹாங்கர் இல்லாத இடத்தில், கையுறை போட்ட மெக்கானிக் ஏணி வைக்காமலே ஏறி நின்று இன்ஜினைப் பார்க்கலாம்; இன்ஜின் மூடியே கீழே மடிந்து அவர் நிற்கும் பலகையாகிவிடும். இந்த ஒரு பலகையில் அந்த வடிவமைப்பின் மனசு முழுவதும் தெரிகிறது. பழுது பார்ப்பவர் எங்கே நிற்பார் என்று வரைபடத்திலேயே யோசித்திருக்கிறார்கள்.

கசான், உலான்-உதே ஆகிய இரண்டு நகரங்களின் தொழிற்சாலைகளிலிருந்து 12,000-க்கும் மேற்பட்டவை வெளிவந்தன. ஆம்புலன்ஸ், அமைச்சர் வாகனம், காட்டுத்தீ அணைப்பான், கண்ணிவெடி தூவி, ராக்கெட் தாங்கி என்று அந்த ஒரே உடல் ஏற்காத வேடமில்லை. 1970-களின் நடுவில் அதற்கு வலுவான டி.வி.3-117 இன்ஜின் பொருத்தி, வால் விசிறியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினார்கள். அந்த வகையை வெளிநாட்டுக்கு விற்கும்போது வைத்த பெயர்தான் எம்.ஐ.-17. விமான நிலையத்தில் பார்க்கும்போது எட்டா பதினேழா என்று சந்தேகம் வந்தால், வால் விசிறி எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும்.

லாரியைக் கட்டிய கை அடுத்து ஒரு போர்வாளைக் கட்ட விரும்பியது. வியட்நாமில் அமெரிக்கர்கள் ஹெலிகாப்டரில் வந்திறங்கிச் சண்டையிடுவதை மில் கவனித்தார். அவருடைய எண்ணம் இன்னும் ஒரு படி மேலே போனது. காலாட்படையை ஏற்றிச் செல்லும் கவச வண்டியையே பறக்க வைத்தால் என்ன? எட்டு வீரர்களை உள்ளே வைத்து, ராக்கெட்டையும் ஏவுகணையையும் பக்கங்களில் தொங்கவிட்டு, வழியை எரித்துக்கொண்டே போய் அவர்களை இறக்கிவிடும் ஹெலிகாப்டர். ராணுவத்தில் பலர் இதை எதிர்த்தனர். டாங்கிக்கும் பீரங்கிக்கும் போகவேண்டிய பணம் இதில் கரைகிறதே என்ற கவலை. மார்ஷல் கிரெச்கோவின் ஆதரவால் திட்டம் பிழைத்தது. 1969 செப்டம்பரில் எம்.ஐ.-24 பறந்தது. நான்கு மாதங்களில் மில் காலமானார். மரத் திஷ்சென்கோ பொறுப்பேற்றார்.

முதல் வகையில் விமானி அறை தட்டைக் கண்ணாடிகளால் ஆன பெட்டி போல இருந்ததால், ரஷ்ய விமானிகள் அதை ‘ஸ்தகான்’, அதாவது கண்ணாடி டம்ளர் என்றார்கள். பிறகு முன்னும் பின்னுமாக இரண்டு குமிழ்க் கண்ணாடிகள் வந்தன: முன்னால் ஆயுதம் இயக்குபவர், பின்னால் சற்று உயரத்தில் விமானி. நமக்குப் பழக்கமான அந்த முரட்டு முகம் அப்போது உருவானதுதான். பக்கங்களில் நீட்டிய குட்டைச் சிறகுகள் ஆயுதம் தொங்கவிட மட்டுமல்ல. வேகமாகப் பறக்கும்போது எடையில் ஒரு பங்கை அவையே தாங்கும். அதே வம்சத்தின் எடை குறைத்த மாதிரி ஒன்றில் 1978-இல் குர்கென் கரபெத்யான் மணிக்கு 368 கிலோமீட்டரைத் தொட்டு உலக சாதனை படைத்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்திருக்க வேண்டும். இன்னொரு இடத்தில் அவர் மறுபடி வருவார்.

சோவியத் படை இறங்கிய ஆப்கானிஸ்தான் போர், பறக்கும் கவச வண்டி என்ற எண்ணத்தைக் கிழித்துப் பார்த்தது. உயரமான மலை, கொதிக்கும் கோடை. காற்று மெலிந்துவிட்டால் விசிறிக்குப் பிடிமானம் குறையும். முழுச் சுமையோடு எம்.ஐ.-24-ஆல் நின்ற இடத்திலிருந்து எழும்ப முடியவில்லை. விமானம் போல ஓடுபாதையில் ஓடி எழும்பப் பழகினார்கள். எடையைக் குறைக்க முதலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அந்த எட்டு வீரர்கள். எந்த எண்ணத்துக்காக அது பிறந்ததோ அந்த எண்ணமே அதன் வயிற்றிலிருந்து காலியானது. வீரர்களைச் சுமக்கும் வேலை எம்.ஐ.-8-க்குத் திரும்பிப் போனது, எம்.ஐ.-24 அதற்குக் காவலாகப் பறந்தது. டாங்கியும் பேருந்தும் ஒன்றாக இருக்க முடியாது என்று போர்க்களம் தீர்ப்புச் சொன்ன பிறகு, மேற்கிலும் கிழக்கிலும் பெயர்பெற்ற தாக்குதல் ஹெலிகாப்டர்கள் எவற்றிலும் இருக்கைக் கூடம் வைக்கவில்லை. 1982-இல் பறந்த சோவியத் எம்.ஐ.-28-இலும் கிடையாது.

ஆனால் தரையில் நின்றவர்களுக்கு அந்த வடிவமைப்புத் தோல்வி எந்த ஆறுதலையும் தரவில்லை. நான்கு குழல் இயந்திரத் துப்பாக்கியும் ராக்கெட் கூடைகளும் கிராமங்கள்மீது திரும்பியபோது ஆப்கான் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘சைத்தான் அர்பா’, சாத்தானின் தேர். சோவியத் படையை எதிர்த்துப் போரிட்ட முஜாகிதீன்களோடு சேர்ந்து உழவர்களும் மேய்ப்பர்களும் அந்தத் தேருக்கு இரையானார்கள்.

1986 செப்டம்பரில் ஜலாலாபாத் விமான நிலையத்தருகே மறைந்திருந்த ஒரு குழு, தரையிறங்கிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர்கள்மீது அமெரிக்கா கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைகளை முதல்முறையாக ஏவியது. தோளில் வைத்து ஏவும் ஏவுகணை. இன்ஜினின் வெப்பத்தைத் துரத்திப் பிடிக்கும். சோவியத் பொறியாளர்கள் இன்ஜின் புகைபோக்கிக்கு வெப்பம் மறைக்கும் பெட்டி மாட்டினார்கள், எரிபந்து உதிர்க்கும் கருவி வைத்தார்கள், ஏவுகணையின் கண்ணைக் கலைக்கும் விளக்குக் கூண்டு பொருத்தினார்கள். விமானிகள் இரவிலும் மிகத் தாழ்வாகவும் பறக்கப் பழகினார்கள். 1989-இல் கடைசிப் படை திரும்பியபோது கணக்கு: அந்த மலைகளில் சோவியத் படை இழந்த ஹெலிகாப்டர்கள் 333.

அதே 1986-இல், ஏப்ரல் 26 அதிகாலை, செர்னோபில் அணு உலை வெடித்தது.

எரியும் உலையின் வாயை மேலிருந்து அடைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. மேஜர் ஜெனரல் நிகோலாய் அந்தோஷ்கின் தலைமையில் எம்.ஐ.-8, எம்.ஐ.-6, புத்தம்புது எம்.ஐ.-26 எல்லாம் அங்கே வந்தன. முதல் நாட்களில் ஹெலிகாப்டர் உலைக்கு மேலே வரும்போது, பின்னால் இருப்பவர் கதவைத் திறந்து, கண்ணால் குறிபார்த்து மூட்டையைத் தள்ளுவார். கீழிருந்து வந்த கதிர்வீச்சுக்குத் தடையாக விமானிகள் இருக்கைக்கு அடியில் ஈயத்தகடு விரித்துக்கொண்டார்கள். மணல், களிமண், போரான், டோலமைட், ஈயம் என்று சுமார் 5,000 டன் கொட்டினார்கள். அவற்றில் எவ்வளவு சரியாக உலைக்குள் விழுந்தது என்ற விவாதம் இன்றும் உண்டு. அந்த மனிதர்கள் அந்தப் புகைக்கு மேலே திரும்பத் திரும்பப் போனார்கள் என்பதில் விவாதமில்லை.

வேக சாதனை படைத்த கரபெத்யானும் அங்கே போனார். அவரோடு சோதனை விமானி அனதோலி கிரிஷ்சென்கோ. எட்டு இறக்கை விசிறியும் 20 டன் தூக்கும் திறனும் கொண்ட எம்.ஐ.-26-இல் நீளமான வடத்தில் பாரத்தைத் தொங்கவிட்டு உலைக்கு மேலே துல்லியமாக நிறுத்தும் வேலை அவர்களுக்கு. கிரிஷ்சென்கோவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. பனிப்போர் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்தார்கள். 1990 ஜூலையில் அவர் அங்கேயே இறந்தார். 1986 அக்டோபர் 2 அன்று ஓர் எம்.ஐ.-8-இன் விசிறி கிரேன் வடத்தில் மோதி, உலைக் கட்டடத்தின் பக்கத்தில் நொறுங்கி விழுந்து நால்வர் மாண்டனர். கதிர்வீச்சேறிய ஹெலிகாப்டர்களை ரஸ்ஸோகா என்ற இடத்தில் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். புல் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்தது.

கமோவின் பாதை வேறு. ரஷ்ய மொழியில் ஹெலிகாப்டருக்கு ‘வெர்தல்யோத்’ என்ற சொல்லைக் கொடுத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு விசிறிகள் அவர் வடிவமைப்பின் அடையாளம். வால் விசிறி தேவையில்லை என்பதால் உடல் குட்டையாகிவிடும். போர்க்கப்பலின் சின்ன மேடையில் இறக்க வசதி. இந்தியக் கடற்படையும் கமோவ் 25, 28, 31 ஆகியவற்றை வாங்கிப் பறக்கவிட்டது. நீர்மூழ்கிகளைத் தேடுவதும், தொலைவில் வரும் விமானத்தை ராடாரால் காண்பதும் அவற்றின் வேலை.

தமிழர்களுக்கு இந்த ஹெலிகாப்டர்கள் படத்தில் பார்த்த பொருள் அல்ல. 1987 அக்டோபர் 11 இரவு, இந்திய அமைதிப்படை பலாலியிலிருந்து எம்.ஐ.-8களில் கமாண்டோக்களையும் சீக்கிய இலகு காலாட்படையினரையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறக்கியது. விடுதலைப் புலிகள் அவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்தனர். சுற்றிலுமிருந்து வந்த துப்பாக்கிச் சூட்டில் ஹெலிகாப்டர்கள் துளைக்கப்பட்டன. அடுத்தடுத்து வரவேண்டிய படையை இறக்க முடியாமல் போனது. தரையில் தனித்துவிடப்பட்ட சீக்கியப் பிளாட்டூனில் 29 பேர் இறந்தனர், ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். மேக்னாவில் ஹெலிகாப்டர் சாதித்ததை யாழ்ப்பாணத்தில் அதனால் சாதிக்க முடியவில்லை. இங்கே எதிரி இறங்குமிடத்திலேயே இருந்தார். அதே மாத இறுதியில் சாவகச்சேரிச் சந்தைப் பகுதி ஹெலிகாப்டர் தாக்குதலுக்கு உள்ளாகிப் பொதுமக்கள் உயிரிழந்தனர். எம்.ஐ.-24-இன் ஏற்றுமதி வகையான எம்.ஐ.-25-உம் அந்தப் படையோடு சென்றிருந்தது. 1990-களின் நடுவில் இலங்கை விமானப்படையே எம்.ஐ.-24 வாங்கியது. புலிகள் அவற்றில் சிலவற்றைச் சுட்டு வீழ்த்தினர். வடக்கிலும் கிழக்கிலும் அந்தத் தலைமுறைக் குழந்தைகள் ‘ஹெலி’யின் ஓசை கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவர்கள். விசிறியின் ஓசையைக் கேட்டு எழும் உணர்வு கடலின் இரு கரையிலும் ஒன்றல்ல.

இந்தக் கரையில் அதே வம்சத்து ஓசைக்கு வேறு பொருளும் உண்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோது, சாலை துண்டிக்கப்பட்ட ஊர்களுக்கு உணவுப் பொட்டலங்களைக் கொண்டுபோன ஹெலிகாப்டர்களில் எம்.ஐ.-17வி5-உம் ஒன்று. கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளம் அதன் வீடு. அங்கிருந்து 2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்.ஐ.-17வி5 ஒன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத்தும் அவர் மனைவியும் உட்பட 13 பேர் அன்றே இறந்தனர். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி உயிர்நீத்தார். எரியும் சிதைவை நோக்கி முதலில் ஓடியவர்கள் அந்தச் சிற்றூர் மக்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது, விமானி திசை உணர்வு இழந்தார் என்று விசாரணை சொன்னது. இயந்திரக் கோளாறு இல்லை.

குறை வேறிடத்தில் இருந்ததற்கு எடுத்துக்காட்டு கார்கில். 1999 மே 28 அன்று தோலோலிங் அருகே ராக்கெட் தாக்குதலுக்குப் போன எம்.ஐ.-17களில் ஒன்று ஸ்டிங்கர் பட்டு விழுந்து நான்கு பேரும் இறந்தனர். அதில் எரிபந்து உதிர்க்கும் கருவி இல்லை. ஆப்கான் மலைகளில் 13 ஆண்டுகளுக்கு முன் கற்ற பாடம் அந்த ஒரு ஹெலிகாப்டருக்கு வந்து சேரவில்லை. அந்த நான்கு குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது ஹெலிகாப்டரின் உடல் ஒரு நாட்டிலும் உயிர் இன்னொரு நாட்டிலும் நின்றது. உடல் கட்டும் கசானும் உலான்-உதேயும் ரஷ்யாவில், டி.வி.3-117 இன்ஜின் செய்யும் மோட்டார் சிச் ஆலை உக்ரைனின் ஸபோரிஷியாவில். 2014 வரை உக்ரைன் இன்ஜினை அனுப்பிக்கொண்டே இருந்தது. கிரிமியாவை ரஷ்யா எடுத்துக்கொண்ட பிறகு அது நின்றது. ரஷ்யா தன் மண்ணிலேயே இன்ஜின் செய்யும் ஏற்பாட்டில் இறங்கியது.

2022 பிப்ரவரி 24 காலையில் ரஷ்யப் படையை ஏற்றிக்கொண்டு எம்.ஐ.-8களும் காவலுக்கு கமோவ் 52களும் கீவ் அருகே ஹோஸ்தோமெல் விமான நிலையத்தில் இறங்கின. ஒரு மாதத்தில் அதே எம்.ஐ.-8 எதிர்ப்பக்கத்திலிருந்து புறப்பட்டது. மரியுபோலின் அஸோவ்ஸ்தால் உருக்காலைக்குள் உக்ரைன் வீரர்கள் முற்றுகையில் சிக்கியிருந்தார்கள். ரஷ்ய ஏவுகணைகள் நிறைந்த வானத்தில், தரையையும் கடலையும் உரசுகிற உயரத்தில் உக்ரைன் விமானிகள் ஏழு முறை போனார்கள். உள்ளே போகும்போது வெடிமருந்தும் மருந்தும்; திரும்பும்போது சிப்பிக் கதவுக்குப் பின்னால், தரையில் வரிசையாகக் காயம்பட்டவர்கள். போன ஹெலிகாப்டர்களில் சில திரும்பவில்லை.